ப்ரிஃபிக்ஸ் நீளத்துக்கு ஒரு வரி பேட்ச்: ரிவ்யூவில் எதைப் பார்ப்பது?

நெட்வொர்க் பாதைகளை (ரூட்) அமைக்கும் ரூட்டிங் கருவி ஒன்றில் ப்ரிஃபிக்ஸ் நீளம் (ஐபி முகவரியில் / குறிக்குப் பின் வரும் எண்) 32-ஐத் தாண்டினால் நிராகரிக்கும்படி ஒரே ஒரு இஃப் நிபந்தனை சேர்த்திருக்கிறார்கள், அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இஃப் இருக்கட்டும், முதலில் அதற்கு மேலே உள்ள வரியைப் பாருங்கள். எண் எந்த வகை மாறியில் வந்து விழுகிறது?

இதே மாதிரி பேட்ச் ஒன்றை நான் ஒருமுறை ஏற்றுக்கொண்டேன். நிபந்தனையில் பிழை இல்லை. ஆனால் மாறி 8 பிட், 0 முதல் 255 வரைதான் கொள்ளும். 10.0.0.0/256 என்று கொடுத்தால் 256 அதில் 0 ஆகிவிடுகிறது. 0 தான் 32-க்குள் இருக்கிறதே, சோதனையைத் தாண்டிப் போய்விட்டது. /0 என்றால் டீஃபால்ட் ரூட், அதாவது வேறு எந்தப் பாதையும் பொருந்தாதபோது போகும் பாதை. இருந்த டீஃபால்ட் ரூட்டை அது மாற்றி எழுத, சோதனை இயந்திரத்தில் தொலைவிலிருந்து நான் வைத்திருந்த எஸ்எஸ்ஹெச் இணைப்பு அந்த நொடியே உறைந்துபோனது. /288 கொடுத்தால் 32 ஆகும். அது இன்னும் மோசம், எதுவும் அறுந்துபோகாததால் யார் கண்ணிலும் படாது.

எண்ணாக மாற்றுவது சி மொழியின் ஏடூஐ (atoi) ஃபங்ஷன் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எழுத்தைக் கொடுத்தாலும் அது 0 தான் தரும், தவறான உள்ளீடும் உண்மையான /0-வும் ஒன்றுபோலத் தெரியும். ஸ்ட்ரிங் முழுவதும் படிக்கப்பட்டதா, மீதி ஏதும் தொங்குகிறதா என்று பார்க்கும் வழி வேண்டும். அந்த வகை ஃபங்ஷன்களிலும் குறியற்ற எண் தருபவை "-1"-ஐப் புகார் சொல்லாமல் பெரிய எண்ணாக மாற்றிக் கொடுக்கும்.

அதற்காக 0-ஐயே தடை செய்துவிடக் கூடாது, அது முறையான நீளம். அப்புறம், மாஸ்க் (முகவரியில் நெட்வொர்க் பகுதியைப் பிரித்துக் காட்டும் எண்) கணக்கிடும் இடம். /0-க்கு 32 பிட் எண்ணை 32 இடம் நகர்த்த வேண்டிவரும். சி-யில் அதன் விளைவு வரையறுக்கப்படவில்லை. எக்ஸ்86 செயலிகளில் பெரும்பாலும் எண் நகராமல் அப்படியே நின்று, /0 என்பது /32 போல நடந்துகொள்ளும்.

முகவரிப் பகுதியையும் விடாதீர்கள். 010 என்பதைச் சில நூலகங்கள் 10 என்றும், சில எண்ம முறையில் 8 என்றும் படிக்கும். பைத்தானின் ஐபி முகவரி நூலகத்திலேயே 2021-ல் இதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தது.

ஐபிவி6 தனிப் பாதையில் போகிறதென்றால் அங்கே வரம்பு 128, அதே ஓட்டை அங்கேயும் இருக்கும். ரூட்டைச் சேர்க்கும் கட்டளையில் மட்டும் திருத்திவிட்டு நீக்கும் கட்டளையை மறந்திருக்கிறார்களா என்றும் தேடுங்கள்.

நானாக இருந்தால் 0, 32, 33, 256, 288, -1, வெற்று ஸ்ட்ரிங், "24x" ஆகியவற்றுக்கு டெஸ்ட் சேர்க்கச் சொல்லிவிட்டு, அவை ஓடிய பிறகுதான் ஒப்புதல் தருவேன்.