அம்பாசடரில் ஜிப்ஸி எஞ்சின்: இரண்டு வயரிங்கையும் எங்கே சேர்ப்பது?

கேள்வி: எங்கள் அப்புச்சி 1977-இல் புதிதாக வாங்கிய அம்பாசடர் மார்க் 3 எங்களிடம் இருக்கிறது. எஞ்சின் தேய்ந்துவிட்டதால், மாருதி ஜிப்ஸி கிங்கின் 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும்) எஞ்சினைக் கியர் பாக்ஸோடு வாங்கி உட்கார வைத்துவிட்டோம். வயரிங் கிட்டும் ஈசிஎம்மும் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) சாக்கு மூட்டையில் கிடக்கின்றன. வேண்டாத வயர்களை வெட்டிவிட்டு எஞ்சின் ஓடத் தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். பழையதை முழுக்க உருவிவிட்டு ஜிப்ஸி வயரிங்கையே வண்டி முழுவதும் ஓட்டலாம் என்கிறான் தம்பி. எது சரி? வைப்பர் மெதுவாக ஓடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? — கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: இரண்டுமே வேண்டாம். எஞ்சின் வயரிங் தனிக்குடித்தனம், வண்டி வயரிங் தனிக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே ஒரு கப்ளரில் (வயர்களைச் சேர்க்கவும் கழற்றவும் உதவும் பிளக்கில்), ஏறத்தாழ எட்டு வயர்களால் மட்டும் இணைத்தால் போதும். பழைய வயரிங்கில் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டிய தேவை வராது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குச் சட்டம் சார்ந்த ஒரு காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் பகுதியில் எஞ்சின் மாற்றுவது புதிய கலை அன்று. கோவையின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய ஊர் நம்முடையது. ஆனால் அன்றைய 800 கார்புரேட்டர் எஞ்சின். காயிலுக்குக் கரண்டும் செல்ஃப் மோட்டாருக்கு ஒரு வயரும் கொடுத்தால் ஓடிவிடும். உங்கள் ஜிப்ஸி எஞ்சினோ, சென்சார்கள் சொல்வதைக் கேட்டு ஈசிஎம் முடிவெடுத்தால்தான் ஓடும். அந்தச் சென்சார்களின் வயர்களில் ஓடுவது பெரும்பாலும் 5 வோல்ட்டுக்குள்ளான சிறு மின்னழுத்தம். ஹெட்லைட் வயரில் அரை வோல்ட் குறைந்தால் வெளிச்சம் சற்று மங்கும். சென்சார் வயரில் அரை வோல்ட் மாறினால் எஞ்சின் வேறு எஞ்சினாக நடந்துகொள்ளும்.

ஆகவே ஈசிஎம்முக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள பகுதியைத் தொழிற்சாலை கட்டியபடியே விட்டுவிடுங்கள். மெயின் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), பெட்ரோல் பம்ப் ரிலே, அவற்றின் ஃபியூஸ்கள், ஸ்கேனர் மாட்டும் கப்ளர் ஆகியவையும் மூட்டையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விற்றவரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். அவருக்கு அது பழைய இரும்பு, உங்களுக்கு அது ஒரு மாத வேலை. உங்கள் ஈசிஎம்மின் மேல் உள்ள எண்ணுக்கு உரிய வயரிங் படமும் கட்டாயம் வேண்டும். ஒரே மாடலில்கூட, கப்ளரின் எந்த முனையில் (பின்னில்) எந்த வயர் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். ஏசி, முன்விளக்கு போன்றவற்றுக்குப் போகும் கிளைகளை நடுவில் வெட்டாமல், கப்ளரிலிருந்து பின்னைக் கழற்றி, முனையை மூடி, மடித்துக் கட்டுங்கள். பெட்ரோல் ஆவியை உறிஞ்சும் கேனிஸ்டர் வால்வையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் வேண்டாதவை என்று எண்ணி நீக்கிவிடாதீர்கள்; அவை இல்லையென்றால் ஈசிஎம் குறை சொல்லிக்கொண்டே இருக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பாருங்கள். அம்பாசடருக்கு முன்னோடியான மோரிஸ் ஆக்ஸ்போர்டு காலத்தில் பாசிட்டிவ் முனையை எர்த்தாக வைப்பது வழக்கமாக இருந்தது. உங்கள் வண்டியில் நெகட்டிவ் எர்த் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றாலும், தவறானால் ஈசிஎம் ஒரே நொடியில் போய்விடும் என்பதால் கண்ணால் பார்த்து உறுதிசெய்வதே முறை. அம்பாசடர் வயரிங் லூகாஸ் நிற முறையைச் சேர்ந்தது: ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு, சாவி போட்டால் உயிர்பெறுவது வெள்ளை, அது ஃபியூஸைத் தாண்டிய பின் பச்சை, எர்த் கறுப்பு. ஆனால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் எத்தனை பேர் அதில் கை வைத்திருப்பார்களோ. நிறத்தைக் குறிப்பாக மட்டும் கொண்டு மல்டிமீட்டரால் சரிபாருங்கள். ஈசிஎம் பின்களில் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பைத் தொடவே கூடாது. அது இழுக்கும் கரண்டை உள்ளே இருக்கும் டிரான்ஸிஸ்டர்கள் தாங்காமல் போகலாம். என் முதல் முயற்சியில் ஓர் ஈசிஎம்மை அப்படித்தான் இழந்தேன்.

இனி அந்த எட்டு வயர்கள். சாவி போட்டதும் வரும் கரண்ட், செல்ஃப் அடிக்கும்போது வரும் சிக்னல், செக் எஞ்சின் விளக்கு, சார்ஜ் விளக்கு, ஆயில் பிரஷர் விளக்கு, வெப்ப மீட்டர், பின்னால் டேங்க்குக்குப் போகும் பம்ப் வயர், வேக சென்சார் வயர் ஆகியவையே அவை. ஈசிஎம்முக்கும் ரிலேக்களுக்கும் வேண்டிய முதன்மைக் கரண்ட் இந்தக் கப்ளர் வழியே வரக் கூடாது. பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் இழுத்து, பேட்டரி அருகிலேயே ஃபியூஸ் வைத்துக் கொடுங்கள்.

சாவிக் கரண்டை வெள்ளை வயரிலிருந்து எடுக்கலாம். செல்ஃப் அடிக்கும்போதும் அதில் கரண்ட் நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். ரேடியோவுக்கு உரிய முனையிலிருந்து எடுத்தால் செல்ஃப் அடிக்கும் அந்த நொடியில் கரண்ட் போய்விடும். செல்ஃப் சுற்றும், எஞ்சின் பற்றாது, குற்றம் எஞ்சின் மேல் விழும். மேலும் அந்தப் பழைய சாவி ஸ்விட்ச்சின் தொடுமுனைகள் தேய்ந்தவை. தோட்டத்தில் கம்பத்திலிருந்து கிணற்று மோட்டாருக்கு மெல்லிய வயரை நெடுந்தூரம் இழுத்தவர்களுக்கு வோல்ட்டேஜ் எப்படி இறங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கும் அதே கதைதான். வெள்ளை வயர் ஒரு ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்யட்டும். சுமையை ரிலே பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும்.

இப்படி ரிலே வைத்தவர்கள் பலரும் மாட்டிக்கொள்ளும் ஒரு விநோதம் உண்டு: சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது. சார்ஜ் விளக்கின் ஒரு முனை வெள்ளை வயரிலும் மறுமுனை ஆல்டர்னேட்டரிலும் (எஞ்சின் சுழற்சியால் பேட்டரிக்குச் சார்ஜ் தரும் கருவி) இருக்கிறது. சாவியை அணைத்த பின்னும் ஆல்டர்னேட்டர் சுழன்றுகொண்டிருப்பதால், அங்கிருந்து கரண்ட் விளக்கின் வழியே திரும்பி வந்து ரிலேயைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரிலேயைப் பிடித்து வைக்கச் சிறு கரண்டே போதும். அது விளக்கின் வழியாகவே கிடைத்துவிடும். அந்த விளக்கு வயரில், ஆல்டர்னேட்டர் பக்கம் மட்டும் கரண்ட் போகும்படி ஒரு டயோடு வைத்தால் தீர்ந்தது. அதே விளக்கில் எல்இடி போடாதீர்கள்; ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கத் தொடங்க அந்தப் பல்பின் வழியே வரும் கரண்டைத்தான் பல வகைகள் எதிர்பார்க்கின்றன.

பழைய லூகாஸ் டைனமோக்களின் திறன் 22 ஆம்பியர் அளவில் இருந்தது. இன்றைய ஆல்டர்னேட்டர் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தரும். அதைப் பழைய பழுப்பு வயரில் சேர்த்தால் வயர் சுடும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 10 சதுர மில்லிமீட்டர் வயராவது நேராகப் போடுங்கள். டாஷ்போர்டில் அம்மீட்டர் இருந்தால், மொத்தக் கரண்டும் அதற்குள் போய் வரும் அமைப்பை நீக்கிவிட்டு வோல்ட் மீட்டர் வைப்பதே பாதுகாப்பு.

பெட்ரோல் பம்ப் விஷயத்தில் யார் சொன்னாலும் குறுக்கு வழி வேண்டாம். சாவி போட்டதும் ஈசிஎம் பம்ப்பை இரண்டு மூன்று நொடி ஓட்டி நிறுத்தும். எஞ்சின் சுற்றுவது தெரிந்தால்தான் மறுபடி ஓட்டும். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ரிலே வேலை செய்யவில்லை என்று பம்ப்பைச் சாவிக் கரண்டில் நேராக இணைத்துவிட்டால், வண்டி கவிழ்ந்து கிடக்கும்போதும் அது பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொடுத்த பழைய ரப்பர் குழாய் இந்த அழுத்தத்தைத் தாங்காது. எம்பிஎஃப்ஐக்கு உரிய குழாயும் கிளிப்பும் போடுங்கள்.

நான் பார்க்க நேர்ந்த மாற்று எஞ்சின் வண்டிகளில், காரணம் பிடிபடாமல் வாரக்கணக்கில் அலைக்கழித்தவற்றில் பாதிக்கு மேல் எர்த் கோளாறுதான். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது; பாடியோ பல அடுக்குப் பெயின்ட்டுக்கு உள்ளே இருக்கிறது. பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குத் தடித்த கேபிள் ஒன்று, பாடிக்கு இன்னொன்று வேண்டும். முனை வைக்கும் இடத்தில் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் போதாது. எர்த் கேபிள் இல்லாத வண்டியில் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியே போய், அது புகைந்ததையும் பார்த்திருக்கிறேன். சென்சார்களின் எர்த் வயர்களை மட்டும் பாடியில் சேர்க்கக் கூடாது. அவை ஈசிஎம்முக்கே திரும்பிப் போகட்டும்.

ஈசிஎம்மை எஞ்சின் அறையில் வைக்காமல், உள்ளே இடப்பக்கக் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால், கப்ளர் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். உள்ளே நுழையும் வயரைச் சற்றுத் தொங்கலாக விட்டால் வடியும் தண்ணீர் கப்ளருக்குள் போகாது. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு, கழுவும்போது முனைகளில் ஏறினால் பச்சை பூத்துவிடும். வயர் நீளம் போதாவிட்டால் வீட்டு வயரிங்குக்கான வயரைச் சேர்க்காமல் வண்டிக்கு உரிய ஆட்டோ கேபிளைக் கொண்டு, லக் நசுக்கி, சூடேற்றிச் சுருக்கும் ஸ்லீவ் போடுங்கள். ஈயம் வைத்த இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் ஒடியும். மேலே வலை சுற்றிய சென்சார் வயரை நீட்டாமல் இருப்பதே நல்லது. வண்டி தோப்புச் சாளையில் நிற்குமானால் எலியும் அணிலும் கடிக்காமல் இருக்க வளையக் குழாயைக் கட்டாயம் போடுங்கள்.

வெப்ப மீட்டருக்கு அதன் பழைய சென்டரையே (எஞ்சினில் மாட்டி வெப்பத்தை மீட்டருக்குச் சொல்லும் உறுப்பு) தனியாக வையுங்கள். ஈசிஎம்மின் வெப்ப சென்சாரிலிருந்து கிளை எடுத்தால் இரண்டும் தப்பாகக் காட்டும். பழைய சென்டரின் திருகு மரை புதிய எஞ்சினில் பொருந்தாது. கணபதியிலோ பீளமேட்டிலோ எந்த லேத் பட்டறையிலும் ஒரு பித்தளை புஷ் கடைந்து தருவார்கள்.

சோதிக்கும்போது முதலில் ஈசிஎம்மை மாட்டாமல், பேட்டரி வயரில் ஒரு 21 வாட் பல்பைத் தொடராக இணைத்துச் சாவி போடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் வயர் எரியாமல் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அந்த நிலையிலேயே ஷார்ட்டைத் தேடிச் சரிசெய்து, பல்பை எடுத்துவிட்டு, ஈசிஎம் கப்ளரில் கரண்ட்டும் எர்த்தும் உரிய பின்களில் வருகின்றனவா என்று அளந்த பிறகு மாட்டுங்கள். செக் எஞ்சின் விளக்கு எரிந்து, பம்ப் சில நொடி ஓடி நின்றால் செல்ஃப் அடிக்கலாம். பிறகு வண்டியில் வெல்டிங் வைக்க நேர்ந்தால் பேட்டரியையும் ஈசிஎம்மையும் கழற்றிவிட்டு வையுங்கள்.

சட்டத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. வேறு நிறுவனத்தின் எஞ்சின் என்பதால், சாலையில் இறக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேளுங்கள். அனுமதி கிடைக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். இன்னொன்று: 2021-இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, எஞ்சினும் பாடியும் சேஸிஸும் பெரிய மாற்றமின்றி மூல நிலையில் உள்ள கார் ‘விண்டேஜ்’ பதிவு பெறலாம். 1977-இல் பதிவான உங்கள் வண்டிக்கு அந்தத் தகுதி 2027-இல் வரும். பழைய எஞ்சினை விற்றுவிடாமல் கிரீஸ் தடவி மூடி வையுங்கள். வயரிங்கை வெட்டாதிருந்தால் திரும்பவும் அதையே ஒரு வாரத்தில் ஏற்றிவிடலாம்.

வைப்பருக்கும் புதிய எஞ்சினுக்கும் தொடர்பில்லை. அது பச்சை வயரில் ஓடுகிறது. ஃபியூஸ் பெட்டியின் கிளிப்புகளை உப்புத்தாளால் தேய்த்து, ஃபியூஸ் இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள். அதற்குப் பின்னும் மெதுவாகவே ஓடினால், வைப்பர் பெட்டியைத் திறந்து காய்ந்து இறுகிய பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.