எடுக்காத கடன் சிபில் அறிக்கையில்: வசூல் ஆளுக்குக் கட்டலாமா?

நீங்க வாங்காத கடன் உங்க சிபில் அறிக்கையில (உங்க கடன் வரலாற்றைக் காட்டுற அறிக்கை) இருந்து, வசூல் ஆள் பணம் கேட்டா, ஒரு ரூபாய்கூடக் கட்டாதீங்க. "பாதி கட்டினா முடிச்சிடலாம்"னு அந்த வசூல் ஆள் சொல்றதை நம்பிக் கட்டினா, கடன் உங்களுதுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. 'செட்டில்டு' (முழுசா கட்டாம முடிச்ச கடன்) என்கிற கறையும் அறிக்கையில தங்கிடும்.

பெரும்பாலும் உங்க பான் நகலை வச்சு கடன் செயலி ஒண்ணுல யாரோ வாங்கியிருப்பாங்க. அறிக்கையில இருக்கிற முகவரி, கைபேசி எண்களைப் பாருங்க. உங்களுக்குச் சம்பந்தமில்லாதது இருந்தா அதுவே சான்று, பிரதி எடுத்து வைங்க.

1. சிபில் தளத்துல அந்தக் கணக்குக்கு 'ஓனர்ஷிப்' டிஸ்ப்யூட் போடுங்க, அதாவது 'இந்தக் கடன் என்னுது இல்லை'ங்கிற ஆட்சேபம். தொகை தப்புன்னு போட்டுடாதீங்க, அது கடனை ஏத்துக்கிட்டதா ஆகும்.

2. கடன் கொடுத்த நிறுவனத்தோட குறைதீர் அதிகாரிக்கு அன்னைக்கே மின்னஞ்சல் அனுப்புங்க. கடன் ஒப்பந்தம், கேஒய்சி (அடையாளச் சான்று) ஆவணம், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போச்சுங்கிற விவரம், மூணையும் கேளுங்க. நிறுவனம் ஒப்புக்காம சிபில் தானா எதையும் மாத்தாது. பலரோட டிஸ்ப்யூட் திரும்பி வர்றது இதனாலதான்.

3. சைபர் கிரைம் புகார் கொடுத்து (உதவி எண் 1930), அதன் நகலை சிபிலுக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அனுப்புங்க.

புகார் கொடுத்து 30 நாள்ல தீரலைன்னா, தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆர்பிஐ குறைதீர்ப்பாளர்கிட்டயும் போகலாம்.

சிபில்ல நீங்கினாலும், அதே மாதிரி கடன் அறிக்கை தர்ற எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் மூணுலயும் தனித்தனியா பாருங்க. வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை ஒவ்வொண்ணுலயும் இலவசம்.