ஒரு ஜீன் மட்டும் கெட்டால் போதுமா, இரண்டும் கெட வேண்டுமா?

நர்சிங் மாணவி ஒருவரின் கேள்வி: "டாமினன்ட், ரெசசிவ் பட்டியலை மனப்பாடம் செய்தும் தேர்வில் குழம்புகிறது. ஒரு ஜீன் கெட்டாலே சில நோய்கள் வருகின்றன, சிலவற்றுக்கு இரண்டும் கெட வேண்டியிருக்கிறது. இது ஏன்? அப்புறம், அந்த 25 சதவீதக் கணக்கு?"

பட்டியலை ஓரமாக வையுங்கள். பெரும்பாலான ஜீன்கள் நம்மிடம் இரண்டு இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டாலே வரும் நோய் டாமினன்ட், இரண்டும் கெட்டால்தான் வருவது ரெசசிவ். அந்த ஜீன் எந்தப் புரதத்தைச் செய்கிறது, செல்லில் அதற்கு என்ன வேலை என்று முதலில் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

அந்தப் புரதம் என்சைம், அதாவது செல்லில் வேதி மாற்றத்தை நடத்துவது என்றால், நோய் பெரும்பாலும் ரெசசிவ். ஃபீனைல்கீட்டோனூரியாவில் ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினாக மாற்றும் என்சைம் வேலை செய்யாது. ஒரு ஜீன் மட்டும் கெட்டவருக்கு என்சைம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் ஒரே என்சைம் திரும்பத் திரும்ப வேலை செய்யும் என்பதால் அதுவே போதும், அவர் வெறும் கேரியர், அதாவது கெட்ட ஜீனைச் சுமப்பவர், நோயாளி அல்ல.

உடலைக் கட்டும் புரதம் என்றால் கதை வேறு. எலும்பில் உள்ள டைப் 1 கொலாஜன் மூன்று புரி கயிறு மாதிரி: இரண்டு ஆல்ஃபா 1 சங்கிலி, ஒரு ஆல்ஃபா 2. ஆல்ஃபா 1 ஜீன்களில் ஒன்று கோணலான சங்கிலியைச் செய்தால், நான்கில் மூன்று கயிறுகளில் ஒரு கெட்ட புரியாவது சேர்ந்துவிடும், நல்ல ஜீன் செய்த சங்கிலியும் அதோடு சேர்ந்து வீணாகும். அதனால்தான் எலும்பு எளிதில் முறியும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா பெரும்பாலும் டாமினன்ட். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: கெட்ட ஜீன் சங்கிலியே செய்யாமல் போனால் நோய் பொதுவாக லேசாக இருக்கும், ஏனென்றால் கொலாஜன் பாதியாகக் குறைந்தாலும் இருப்பதெல்லாம் நல்லது!

அளவு குறைவதே நோயாவதும் உண்டு. குடும்பவழி ஹைப்பர்கொலஸ்டிரோலீமியாவில் ரத்தத்திலிருந்து கொலஸ்டிராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் எல்டிஎல் ரிசெப்டர் கல்லீரல் செல்லில் பாதியானாலே ரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறிவிடும்.

ரெசசிவ் நோயான சிக்கிள் செல் நோயில், ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியான பீட்டா குளோபினின் 6-வது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிடும், ஆக்சிஜன் குறையும்போது அந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழையாகிச் செல்லை அரிவாள் வடிவத்துக்கு இழுத்துவிடும். கேரியரிடம் சாதாரண ஹீமோகுளோபினே அதிகம் இருப்பதால் பொதுவாக இது நடக்காது. பிறந்த குழந்தைக்கும் முதல் சில மாதங்கள் தொந்தரவு இருக்காது, கருவின் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலியே கிடையாதே. நோயாளிக்கு நீர்ச்சத்து குறையாமலும் குளிர் படாமலும் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்கும் இந்த ஒட்டல்தான் காரணம்.

சரி, கணக்கு. ரெசசிவ் நோயில் தாயும் தந்தையும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர 25, கேரியர் ஆக 50, இரண்டும் இல்லாமல் இருக்க 25 சதவீதம். "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது" என்பது தவறு, அடுத்த கர்ப்பத்துக்கும் அதே 25 சதவீதம்தான். பெற்றோர் பலர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார்கள், எனவே வார்டில் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.