ஹார்லெமில் ஓர் அறை – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் வார்டு என்ற பகுதியில் வரிசையாக நிற்கும் சின்னஞ்சிறு வெள்ளை வீடுகளைக் காட்டினாள். கலைஞர்களுக்குக் கொடுத்து வேலை செய்யச் சொல்கிறார்களாம். நியூயார்க்கிலும் கறுப்பின, பழுப்பு நிறக் கலைஞர்களுக்கென்றே இலவச ஸ்டூடியோக்கள் இருப்பதாகச் சொன்னாள். எனக்கு இரண்டு சந்தேகங்கள். கலையில் திறமைதானே முக்கியம், நிறம் பார்த்து இடம் கொடுப்பது சரியா? அப்புறம், இலவசமாகக் கிடைத்தால் அதற்கு மதிப்பு இருக்குமா? கஷ்டப்பட்டால்தானே கலை வரும்?

பின்குறிப்பு: ‘பிரவுன்’ என்கிறார்களே, அதில் நாமும் சேர்த்தியா? மகள் படம் வரைவாள்.

க.,
சேலம்

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு எழுத ஒரு மேஜை போதும். எல்லோரும் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு எழுதியே பல வருடம் ஓட்டியிருக்கிறேன். ஓவியருக்கு அது நடக்காது. ஆளுயரக் கேன்வாஸைச் சாய்த்து வைக்கச் சுவர் வேண்டும், தள்ளி நின்று பார்க்கத் தரை வேண்டும், எண்ணெய் வண்ணம் காயும்வரை யாரும் கை வைக்காமல் இருக்க வேண்டும், டர்பன்டைன் நெடி போக ஜன்னல் வேண்டும். நியூயார்க்கில் அப்படி ஓர் இடத்துக்கு வாடகை கட்ட வேண்டுமென்றால் முழுநேர வேலைக்குப் போக வேண்டும். வேலைக்குப் போனால் அந்த இடத்துக்குப் போக நேரமிருக்காது. இந்தக் கஷ்டத்திலிருந்து என்ன கலை வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

சிற்பியின் பாடு இன்னும் மோசம். அகஸ்டா சாவேஜ் என்று ஒருவர். ஃபுளோரிடாவில் பிறந்து, நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லெம் பகுதிக்கு வந்த கறுப்பினப் பெண். 1923இல் பிரான்ஸில் ஒரு கோடைக்காலக் கலைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். கறுப்பர் என்று தெரிந்ததும் அமெரிக்கத் தேர்வுக்குழு அவரை ஒதுக்கிவிட்டது. பத்திரிகைகளில் பெரிய விவகாரமானது, முடிவு மட்டும் மாறவில்லை. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக 16 அடி உயரத்தில் ஒரு சிற்பம் செய்தார். யாழின் நரம்புகளாகப் பாடும் கறுப்பினப் பிள்ளைகள் நிற்பார்கள். அதன் சிறு பிரதிகளும் அஞ்சலட்டைகளும் விற்றன. கண்காட்சி முடிந்ததும் அதை வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லை, எடுத்து வைக்க இடமும் இல்லை. இடித்துவிட்டார்கள். இன்று நாம் பார்ப்பது புகைப்படத்தைத்தான்.

ஆனால் அதே அகஸ்டாதான் ஹார்லெமில் தன் ஸ்டூடியோவைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டவர். 1937இல் அரசு உதவியோடு தொடங்கிய ஹார்லெம் சமூகக் கலை மையத்துக்கு முதல் இயக்குநர். ஜேக்கப் லாரன்ஸ் என்ற இளைஞரை, வேலையற்ற கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்த அரசுத் திட்டத்தில் சேர்க்க அழைத்துப் போனார். வயது போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். லாரன்ஸ் அதை மறந்தே விட்டார். அகஸ்டா மறக்கவில்லை, 21 வயதானதும் மறுபடி கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். வாரம் 23.86 டாலர். அதன் பிறகு, 1940இல் கிடைத்த ஒரு நிதியுதவியைக் கொண்டு லாரன்ஸ் தனக்கென்று ஓர் இடம் வாடகைக்குப் பிடித்தார். தெற்கிலிருந்து வடக்குக்குப் புலம்பெயர்ந்த கறுப்பின மக்களைப் பற்றிய 60 ஓவியங்களை அங்கேதான் வரைந்தார். அறுபதையும் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு நிறத்தைக் கலந்தால் அந்த நிறம் வரவேண்டிய எல்லாப் படங்களிலும் ஒரே மூச்சில் தீட்டுவாராம். சாப்பாட்டு மேஜையில் இது முடியுமா, சொல்லுங்கள்.

சரி, நிறம் பார்ப்பதற்கு வருவோம். 1968இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1930களின் அமெரிக்கக் கலையைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தது. நான் மேலே சொன்ன காலமேதான். அதில் ஒரு கறுப்பினக் கலைஞர்கூட இல்லை. லாரன்ஸின் 60 படங்களையும் அதற்கு இருபத்தைந்து வருடம் முன்பே இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள் பாதிப் பாதியாக வாங்கிவிட்டிருந்தன என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். திறமை இல்லையென்று யாரும் சொல்லியிருக்க முடியாது. கலைஞர்கள் விட்னி வாசலில் நின்று மறியல் செய்தார்கள். விட்டுப்போனவர்களை வைத்துப் பதில் கண்காட்சி நடத்தியது ஹார்லெமில் அப்போதுதான் பிறந்திருந்த ஸ்டூடியோ மியூசியம்.

அந்தப் பெயரிலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஐந்தாவது அவென்யூவில், ஒரு மதுக்கடைக்கு மேலே இருந்த வாடகை மாடி. படங்களைத் தொங்கவிட்டால் மட்டும் போதாது, வரைபவர்களும் இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று யோசனை சொன்னவர் வில்லியம் டி. வில்லியம்ஸ் என்ற ஓவியர். ‘ஸ்டூடியோ’ அப்படித்தான் பெயரில் சேர்ந்தது. ஆண்டுக்கு மூன்று பேர் என்பது வழக்கம். ஸ்டூடியோவும் உதவித்தொகையும் கிடைக்கும், கடைசியில் ஒரு கண்காட்சி. கலைஞருக்குக் கொஞ்ச காலம் இடம் கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ரெசிடென்சி என்று பெயர். பெயரைக் கேட்டுக் கட்டிலும் சாப்பாடும் என்று நினைத்துவிட வேண்டாம். இரவு வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

அந்த அறை ஹார்லெமில் இருப்பதால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கெஹிண்டே வைலி. 2001–02இல் அங்கே இருந்தார். தெருவில் கசங்கிக் கிடந்த ஒரு தாளை எடுத்துப் பார்த்தால், போலீஸ் எடுத்த ஒரு கறுப்பின இளைஞனின் படம், கீழே அவன் விவரங்கள். ஒருவனைப் படம் பிடிப்பதில் இது ஒரு வகை, அரண்மனைச் சுவர்களில் பிரபுக்கள் நிமிர்ந்து நிற்பது இன்னொரு வகை என்று அவருக்குத் தோன்றியது. 125ஆவது தெருவில் போகிறவர்களை நிறுத்தி, வருகிறீர்களா என்று கேட்டு ஸ்டூடியோவுக்கு அழைத்தார். பழைய ஐரோப்பிய ஓவியப் புத்தகங்களைக் கொடுத்து, எந்தத் தோரணை வேண்டும் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். பிற்பாடு ஒபாமாவை வரைந்தவர் இவர்தான். இந்த ஓவியங்களுக்கான ஆட்கள் ஜன்னலுக்குக் கீழே நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஏதோ மலையோரப் பண்ணைவீட்டில் அறை கொடுத்திருந்தால் நல்ல நிலக்காட்சி வரைந்திருப்பாரோ என்னவோ.

நீங்கள் ஹூஸ்டனில் பார்த்த வீடுகள் வேறு ரகம். 1993இல் ரிக் லோவும் இன்னும் ஆறு கறுப்பினக் கலைஞர்களும் சேர்ந்து மீட்டெடுத்த 22 வீடுகள். அறைக்குப் பின் அறையாக ஒரே கோட்டில் இருக்கும். முன்வாசலில் துப்பாக்கியால் சுட்டால் குண்டு எதிலும் படாமல் பின்வாசல் வழியே போய்விடும் என்று கிண்டலாக ‘ஷாட்கன் வீடு’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். லோவின் ஸ்டூடியோவுக்கு வந்த ஒரு பள்ளி மாணவன், எங்கள் பிரச்சினை எங்களுக்கே தெரியும், அதைப் படமாகக் காட்டுவானேன், தீர்வு ஒன்றைச் செய்யக்கூடாதா என்று கேட்டுவிட்டானாம். அதன் விளைவு இது. சில வீடுகளில் கலை, வேறு சில வீடுகளில் படித்துக்கொண்டே பிள்ளை வளர்க்கும் தனித்த தாய்மார்கள். உங்கள் மகள் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கேளுங்கள்.

எனக்கும் குறைகள் உண்டு. ஆண்டு முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மறுபடி வாடகை. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் கிடைக்கும் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்வார்களோ என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. ஓவியர்கள் வந்து ஒரு தெரு அழகானால் காசுள்ளவர்கள் பின்னாலேயே வருகிறார்கள், பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறுகிறார்கள். மூன்றாம் வார்டில் இதை முன்கூட்டியே பார்த்து, 2003இலேயே குறைந்த வாடகை வீடுகளுக்கென்று தனி அமைப்பு தொடங்கினார்கள்.

உங்கள் பின்குறிப்புக்கு. ‘பிரவுன்’ என்று அமெரிக்காவில் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். தெற்காசியர்களும் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் விதி வேறு. ஹார்லெம் ஸ்டூடியோ மியூசியத்தில் ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-லத்தீன் வம்சாவளிக்குத்தான், மகளுக்குக் கிடைக்காது. வேறு இடங்களில் கிடைக்கலாம். விண்ணப்பிக்கும் முன் உதவித்தொகை உண்டா, சாவி இரவிலும் கைவசம் இருக்குமா, முடிந்ததும் படங்களை எங்கே வைப்பது, இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசிக் கேள்வி அகஸ்டாவை நினைத்து.

அன்புடன்.