ராயபுரத்தில் ரிஸ்டோர் செய்த 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் விலைக்கு வருகிறது, "எல்லாமே ஒரிஜினல்" என்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், அடியில் குனியுங்கள். ஹெரால்டில் சேசிஸ் (அடிச்சட்டம்) தனி, அதன்மேல் போல்ட் போட்டு உட்கார வைத்த பாடி தனி. அந்தப் பாடியும் முன்பாதி, பின்பாதி என்று போல்ட்டில்தான் சேர்கிறது. ரெண்டு மூன்று வண்டியைப் பிரித்து ஒன்றாகக் கோர்ப்பது இதில் ரொம்பச் சுலபம். நம்ம மெட்ராஸிலேயே தயாரான வண்டி என்பதால் கழித்துப்போட்ட பாகங்களும் இங்கே நிறையவே புழங்கின.

முதலில் ஆர்.சி. ஸ்மார்ட் கார்டு மட்டும் காட்டினால் பழைய புத்தகத்தையும் கேளுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது சேசிஸ், இன்ஜின் நம்பரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தால் பெயர் மாற்றும்போது உங்கள் தலையில் விடியும். 1966 வண்டிக்கு டிஎன் 01 மாதிரி நம்பர் இருந்தால், அது 1989க்குப் பிறகு வந்த வரிசை. வேறு மாநிலத்திலிருந்து வந்ததா, மறுபதிவு ஆனதா என்று விசாரியுங்கள்.

அடுத்து நம்பர். மெல்லிய தாளும் பென்சிலும் கொண்டுபோய், பொறித்த நம்பர் மேல் தாளை வைத்துத் தேய்த்து சேசிஸ் பிரின்ட், இன்ஜின் பிரின்ட் நீங்களே எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். எண்களைச் சுற்றி மட்டும் இரும்பு குழிவாக இருந்தாலோ, கிரைண்டர் கோடு தெரிந்தாலோ, ஒரு எண் ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் விழுந்திருந்தாலோ, விலை பேசாமல் கிளம்பிவிடலாம். நம்பர் பொறித்து ரிவெட் அடித்த பிளேட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். அதைக் கழற்றி இன்னொன்றில் அடிக்கப் பத்து நிமிஷம் போதும்.

பின் ஆக்ஸிலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹெரால்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரே ஸ்பிரிங் பட்டை, ஸ்விங் ஆக்ஸில் (ரெண்டு பக்கமும் தனித்தனியே மடங்கும் ஆக்ஸில்). அதே கம்பெனியின் 1972ல் வந்த கெஸல் காருக்கு நேரான ஆக்ஸில். சேசிஸில் ஜாக்கி கொடுத்துப் பின்பக்கம் தூக்குங்கள். சக்கரம் ரெண்டும் கீழ்ப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கினால் ஹெரால்டுடையது. நேராகத் தொங்கினால் ஆக்ஸில் மாறிவிட்டது. ஓட்டுவதற்கு அது நல்லதுதான், வளைவில் பின்பக்கம் பயமுறுத்தாது. ஆனால் 'ஒரிஜினல்' விலை கொடுக்காதீர்கள். இன்ஜின் 948 சிசி, தரையில் நான்கு கியர். முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ வைக்கும் அமைப்பு) கிடையாது; வண்டி உருளும்போது முதல் கியர் சத்தமே இல்லாமல் விழுந்தால் கியர்பாக்ஸ் வேறு.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வெளியே நின்ற வண்டி என்றால் உப்புக்காற்று அடியைத் தின்றிருக்கும். புதுசாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடட்டும். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் கை மாதிரி நீளும் சட்டங்களையும், டிக்கித் தரையையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் அமுங்கினால் உள்ளே துருவோ, பட்டியோ (பள்ளத்தை நிரப்பும் பசை). வெளிப் பாடிக்கு பெயின்ட் கனத்தை அளக்கும் மீட்டர் வையுங்கள். மறுபெயின்ட் அடித்த தகட்டில் 200, 300 மைக்ரான் சாதாரணம். 1000 தாண்டினால் பட்டி பூசியிருக்கிறார்கள். கதவு இடைவெளி மேலே ஒரு விரலும் கீழே அரை விரலுமாக இருந்தால், பாடியை இறக்கி ஏற்றியபோது அடியில் ஷிம் (உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடு) சரியாக வைக்கவில்லை, அல்லது சேசிஸே வளைந்திருக்கிறது.

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், புது வயரிங், ரேடியல் டயர் இதையெல்லாம் குறையாக எடுக்காதீர்கள். பழசைக் கழற்றி டிக்கியில் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

ஐம்பது வருஷம் தாண்டியதால் 2021ல் வந்த விண்டேஜ் விதியில் பதிவு கேட்கலாம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், 'விஏ' வரிசை புதுப் பதிவுக்குத்தான். சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது அதன் நிபந்தனை. ஆனால் அந்தப் பதிவு வாங்கியபின் தினமும் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போக முடியாது.

பாடி இறக்கிய அன்று எடுத்த போட்டோக்களைக் கேளுங்கள். உண்மையாக ரிஸ்டோர் செய்தவரிடம் போனிலேயே இருக்கும்.