இரண்டாவது ரெஜிஸ்டரில் யாருடைய கையெழுத்து?

கேள்வி: ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் ஹெச்.ஆர். உதவியாளராக இருக்கிறேன். எங்களிடம் ஆடை வாங்கும் ஜெர்மன் பையரின் ஆடிட் வருகிறது. மூன்று மாத வருகைப் பதிவேட்டைப் புதிதாக எழுதச் சொல்கிறார்கள். இரவு பத்து மணி வரை தைத்தவர்கள் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போனதாகக் காட்ட வேண்டுமாம். போன தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி சொன்னதைத்தானே செய்தேன், என் மேல் வழக்கு வருமா? மறுத்தால் வேலை போய்விடும்.

பதில்: வரலாம். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆனால் பொய்ப் பதிவேடு தயாரிப்பதை அநேகமாக எல்லா நாட்டுச் சட்டமும் குற்றமாகத்தான் பார்க்கிறது. 'மேலதிகாரி சொன்னார்' என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், தப்பிக்க உதவாது. வாயால் சொன்னவர் கையை விரித்துவிடுவார். தாளில் இருப்பது உங்கள் எழுத்து.

பிடிபடாது என்றும் நினைக்காதீர்கள். வருகைப் பதிவேட்டை மாற்றுகிறவர்கள் ஊசிப் பதிவேட்டை மறந்துவிடுவார்கள். உடைந்த ஊசித் துண்டுகளை ஒட்டி, மெஷின் எண்ணும் நேரமும் அதில் குறித்திருக்கும். இரவு 9.40க்கு ஊசி உடைந்திருக்கிறது. உங்கள் கணக்குப்படி அப்போது ஆலையில் ஆளே இல்லை. விவரமான ஆடிட்டருக்கு அந்த ஒரு வரி போதும்.

கண்டுகொள்ளாத ஆடிட்டர் வந்தால் இன்னும் மோசம். 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் ஆடிட்டர்கள் அதற்கு எஸ்.ஏ. 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். முக்கியப் பையரான ஜெர்மனியின் கிக் நிறுவனத்தின் மேல் பாதிக்கப்பட்டவர்கள் போட்ட வழக்கை, காலக்கெடு கடந்துவிட்டதென்று 2019இல் டார்ட்மண்ட் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஓவர்டைம் பாக்கி கேட்கவும் இப்படிக் காலக்கெடு உண்டு. அதற்குள் டெய்லர்கள் கேட்டு வந்தாலும், அவர்கள் கையில் வேறு ஆதாரம் இருக்காது. நீங்கள் மாற்றி எழுதச் சம்மதித்தது அந்த ஆதாரத்தைத்தான்.

இந்த முறை எழுதாதீர்கள். நேருக்கு நேர் சண்டையும் வேண்டாம். "நீங்கள் சொன்ன பதிவேட்டு வேலையை எந்தத் தேதிகளுக்கு, எந்த மூலப் பதிவைப் பார்த்துச் செய்வது என்று எழுத்தில் தெரிவியுங்கள்" என்று மேலதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எழுதித் தர யாருக்கும் துணிவு வராது. யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று சொந்த நோட்டில் அன்றன்றே குறித்து வையுங்கள். அலுவலக ஆவணங்களை அள்ளி வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் வேண்டாம், திருட்டுப் புகாரைத் திருப்பிப் போடுவார்கள். அசல் ரெஜிஸ்டரைக் கிழிக்கச் சொன்னால் தொடவே தொடாதீர்கள்.

பையர் ஜெர்மன் நிறுவனம் என்பது உங்களுக்குச் சாதகம். 2023 முதல் நடைமுறையில் உள்ள அந்நாட்டு விநியோகச் சங்கிலிச் சட்டப்படி, அங்கே குறைந்தது ஆயிரம் பேரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் சப்ளையர் ஆலை ஆட்களும் புகார் தரும் வழியைத் திறந்து வைக்க வேண்டும். பெயரை ரகசியமாக வைப்பதும் அவர்கள் கடமை. ஆர்டரை நிறுத்திவிட்டால் எல்லாருக்கும் வேலை போகுமே என்ற பயம் நியாயமானது. உறவை முறிப்பதைக் கடைசி வழியாகத்தான் அந்தச் சட்டமும் வைத்திருக்கிறது.

முதலாளி மேல் புகார் கொடுத்ததற்காக வேலைநீக்கம் செய்வது செல்லாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158வது ஒப்பந்தம். எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, உங்கள் நாடு எப்படி என்று பாருங்கள்.

போன தடவை எழுதியதை யாரிடமும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் உங்கள் ஊர்த் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள். அசல் ரெஜிஸ்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை இப்போதைக்கு அவரிடம் மட்டும் சொல்லுங்கள்.