தூக்க மாத்திரையும் பழைய சீட்டும்: மன அழுத்தம் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மன அழுத்தத்தைப் பற்றியவை. வழக்கம்போல் பலவற்றில் வயது இல்லை, சாப்பிடும் மாத்திரையின் பெயர் இல்லை. இருப்பதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

"மாதம் இரண்டு மூன்று முறை திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, செத்துவிடுவேனோ என்று பயம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. இசிஜி நார்மல். டாக்டர் 'டென்ஷன்தான், போங்க' என்கிறார். டென்ஷனுக்கு இப்படியெல்லாமா வரும்?" (வங்கி ஊழியர், 38, கரூர்)

வரும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பேனிக் அட்டாக் போலத்தான் தெரிகிறது. அட்ரினலின் ஒரேயடியாகச் சுரந்ததும் இதயம் ஓடுகிறது, மூச்சும் கூடவே ஓடுகிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் மரப்பதும், உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதுபோல் இருப்பதும் அதனால்தான். சுமார் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும், உயிருக்கு ஆபத்தில்லை.

ஆனாலும் "போங்க" என்று அனுப்பியது சரியில்லை. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்காமல் படபடப்புக்கு டென்ஷன் என்று பெயர் வைக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் சிபிடி (பயத்தைக் கூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத் தரும் பேச்சுச் சிகிச்சை) தெரிந்த உளவியலாளரிடம் போங்கள். பத்துப் பன்னிரண்டு சந்திப்பில் பெரும்பாலானவர்களுக்கு நல்ல முன்னேற்றம் தெரியும். அட்டாக் வரும்போது மூச்சை வெளியே விடும் நேரத்தை நீட்டுங்கள். பைக்குள் மூச்சுவிடும் பழைய வைத்தியம் வேண்டாம்.

எல்லோருக்கும் சேர்த்து ஒன்று: நாற்பதைத் தொட்டவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், புகைப்பவர்கள், யாராக இருந்தாலும் மார்பில் பாரம் வந்தால் முதலில் இசிஜி, அப்புறம்தான் டென்ஷன் பேச்சு.

"வேலை டென்ஷனால் அல்சர் வந்துவிட்டது. வேலையை விட்டால் குணமாகுமா?" (விருதுநகர்)

ஆகாது. அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, இல்லாவிட்டால் அடிக்கடி போடும் வலி மாத்திரை. கிருமியைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள், நாம்தான் இன்னும் மேலதிகாரியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அழுத்தம் எரிச்சலைக் கூட்டும், அவ்வளவுதான். கிருமிக்கான பரிசோதனை செய்யுங்கள். இருந்தால் சுமார் இரண்டு வார மருந்து.

"செமஸ்டர் முடிந்து நிம்மதியாக இருக்கும்போது முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இப்போது எனக்கு ஸ்ட்ரெஸ்ஸே இல்லையே?" (மாணவி, 20, கோவை)

இப்போது கொட்டும் முடிக்கான காரணத்தை இரண்டு மூன்று மாதம் முன்னால் தேடுங்கள். பரீட்சை, காய்ச்சல், பட்டினி டயட், எது வேண்டுமானாலும் இருக்கலாம். முடி வளர்வதை நிறுத்தி ஓய்வுக்குப் போய், அப்புறம்தான் உதிரும். பெரும்பாலும் ஆறு மாதத்தில் அடங்கித் திரும்ப வளரும். இரும்புச்சத்து, தைராய்டு பாருங்கள். எண்ணெய்க்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

"எனக்கு ஸ்ட்ரெஸ் அதிகம். நல்ல மாத்திரை ஒன்று எழுதவும்."

எழுத மாட்டேன். வயது இல்லை, ஊர் இல்லை, என்ன வேலை, என்ன தொந்தரவு, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், கர்ப்பமாக இருக்கிறீர்களா, குடிப்பழக்கம் உண்டா, ஒன்றும் இல்லை. ஒரு வரிக் கடிதத்துக்கு மாத்திரை சொல்லும் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் போகாதீர்கள். ஏன் என்பதற்கு அடுத்த கடிதத்தைப் படியுங்கள்.

"அம்மாவுக்கு 61 வயது. அப்பா இறந்தபோது தூக்கத்துக்காக அல்பிரசோலம் 0.25 எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வருடமாகப் போடுகிறார். இப்போது 0.5 போட்டாலும் தூக்கம் வரவில்லை. இதைவிட ஸ்ட்ராங்காக என்ன இருக்கிறது? தெரிந்த மருந்துக் கடையில் சீட்டு கேட்காமலே தருவார்கள், அதனால் சிரமம் இல்லை." (திருநெல்வேலி)

சிரமமே அந்தக் கடையில்தான் இருக்கிறது. இதைப் பல முறை எழுதிவிட்டேன், நிலைமை மாறும்வரை இன்னும் எழுதுவேன்.

அல்பிரசோலம் கெட்ட மருந்து இல்லை. துக்க வீட்டில் நாள் கணக்கில் கண் மூடாத ஒருவருக்கு இரண்டு மூன்று வாரம் கொடுக்கலாம். மூளையில் பரபரப்பை அடக்கும் காபா என்ற ரசாயனத்துக்கு இது கை கொடுக்கிறது, அதனால்தான் சீக்கிரமே இதமாக இருக்கிறது. ஆனால் சில வாரங்களிலேயே மூளை அதற்குப் பழகிவிடும். நேற்று வேலை செய்த அளவு இன்று போதாது. உங்கள் அம்மாவுக்கு வியாதி முற்றவில்லை, உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கிறது. இதைவிட ஸ்ட்ராங்காக ஒன்று கொடுத்தால் சில மாதத்தில் அதற்கும் இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

இப்படி வருகிறவர்கள் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டும் சீட்டை அடிக்கடி பார்க்கிறேன். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செலோடேப் ஒட்டி, தேதி இருந்த இடம் மஞ்சளாகிப் போயிருக்கும். 'பத்து நாள்' என்று மருத்துவர் எழுதியது மட்டும் இன்னும் படிக்கும்படி இருக்கும். பலரிடம் அந்தச் சீட்டுகூட இல்லை. கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டு, பெயர் இருந்த பக்கம் போய்விட்டது, சின்னக் காகிதக் கவர். என்ன மாத்திரை என்று கேட்டால் "அந்த வெள்ளை மாத்திரைதான் சார்" என்பார்கள். வெள்ளை மாத்திரைகள் ஆயிரம் இருக்கின்றன.

சட்டத்தில் ஓட்டை இல்லை. அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை 2014 மார்ச்சிலிருந்து ஹெச்-ஒன் அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையிலேயே சிவப்புப் பெட்டிக்குள் எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது. அதையெல்லாம் தாண்டி "நம்ம அக்காதானே" என்று எடுத்துக் கொடுப்பதை நான் உதவி என்று சொல்ல மாட்டேன். அறுபது தாண்டியவர் ராத்திரி பாத்ரூம் போக எழுந்து, தள்ளாடி விழுந்து, இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது இந்த மாத்திரையோடு கூடவே வருகிற ஆபத்து. பகலில் மறதி வேறு. வீட்டில் ஞாபக மறதி நோய் என்று பயந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே மாத்திரையைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். மூன்று வருடம் போட்டதை ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், வலிப்பே வரலாம். மகள் வீட்டுக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துபோய் வலிப்போடு எமர்ஜென்சிக்கு வருகிறவர்கள் உண்டு. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைப்பார். சிலருக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் வேறு மருந்துக்கு மாற்றிவிட்டுக் குறைப்பார். நாலைந்து மாதம் ஆகலாம், ஆகட்டும். கூடவே தினமும் ஒரே நேரத்தில் எழுவது, மத்தியானத் தூக்கத்தை விடுவது, இரண்டு மணிக்குப் பிறகு காபி வேண்டாம் என்பது. காபியின் வீரியம் பாதியாகவே ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

இன்னொன்று. விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, அதற்குப் பிறகு தூக்கமே இல்லாமல், சாப்பாட்டிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். அப்படியானால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து, வேறு சிகிச்சை. உங்கள் கடிதத்தில் மாத்திரையின் அளவு இரண்டு முறை இருக்கிறது. அப்பா போன பிறகு அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

"மாஸ்டர் செக்கப்பில் கார்ட்டிசால் கொஞ்சம் அதிகம் என்று வந்தது. 'அட்ரினல் ஃபெடீக்' என்று யூடியூபில் சொல்கிறார்கள். அமுக்கரா மாத்திரை ஆரம்பித்துவிட்டேன்." (ஐடி ஊழியர், 31, சென்னை)

கார்ட்டிசால் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் அழுத்த ஹார்மோன், காலையில் ஏறி நடு ராத்திரியில் இறங்கும். எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஊசி குத்தும் பயத்திலேயே கொஞ்சம் ஏறும். முகம் உப்புவது, வயிற்றில் ஊதா வரிகள், கட்டுக்கடங்காத பிபி மாதிரி அறிகுறிகள் இருந்தால் நாளமில்லாச் சுரப்பி நிபுணரைப் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தத் தாளை எடுத்து வைத்துவிடுங்கள். அட்ரினல் ஃபெடீக், அதாவது அழுத்தத்தால் அந்தச் சுரப்பி களைத்துப்போவது என்று மருத்துவம் ஏற்ற நோய் எதுவும் கிடையாது. இருந்தாலும் அதற்குக் கார்ட்டிசால் குறைய வேண்டும், உங்களுக்கோ அதிகம் என்கிறீர்கள்! அமுக்கரா (அஸ்வகந்தா) மூலிகைதானே என்று நினைக்க வேண்டாம், கல்லீரல் பாதிப்பும் தைராய்டு அளவு ஏறுவதும் பதிவாகியிருக்கின்றன. ஆரம்பித்ததை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

"மாமனார் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை சளி பிடிக்கிறது. காலில் பட்ட சின்னக் காயம் ஆற ஒரு மாதம் ஆனது. மனசுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?" (இல்லத்தரசி, 45, தஞ்சாவூர்)

உண்டு. ஆனால் முதலில் சர்க்கரை பாருங்கள். ஆறாத காயத்துக்கு அதைப் பார்க்காமல் மனசைச் சொல்லக் கூடாது.

சர்க்கரை இல்லையென்றால் உங்கள் சந்தேகத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1991இல் ஷெல்டன் கோஹன் குழுவினர் இங்கிலாந்தில் சுமார் 400 பேருக்கு மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தார்கள். அழுத்தம் குறைவாக இருந்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் சளி பிடித்தது, அதிகமாக இருந்தவர்களில் பாதிப்பேருக்குப் பக்கத்தில். 1995இல் அமெரிக்காவின் ஓஹாயோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர், மறதி நோய் வந்த உறவினரைக் கவனிக்கும் பெண்களின் கையில் மிகச் சிறிய காயம் ஏற்படுத்திக் கண்காணித்தார். மற்றப் பெண்களைவிட அவர்களுக்கு ஆற ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. தொடர்ந்து அழுத்தத்தில் இருந்தால் நோய் எதிர்ப்பு வேலை மந்தமாகிறது.

உங்களுக்குத் தியானம் சொல்லப் போவதில்லை. தேவை இன்னொரு ஆள். உங்கள் கணவருக்கும் நாத்தனாருக்கும் இந்தப் பதிலைக் காட்டுங்கள். வாரத்தில் ஒரு முழு நாள் உடம்பு துடைப்பதும், திருப்பிப் படுக்க வைப்பதும், டயப்பர் மாற்றுவதும் அவர்கள் பொறுப்பு. அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருக்கவே வேண்டாம், இருந்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

"ஸ்ட்ரெஸ் எல்லாம் ஏசி ரூமில் உட்காருகிற பெரிய ஆபீசர்களுக்குத்தானே? நாங்கள் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறோம்." (விற்பனையாளர், 29, மதுரை)

நேர்மாறு. லண்டனில் மைக்கேல் மார்மாட் தொடர்ந்து கவனித்த அரசு ஊழியர்களில், உச்சியில் இருந்த அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் சாவது சுமார் மூன்று மடங்கு. புகை, கொழுப்பு, பிபி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் மிஞ்சியது. பிறகு வந்த ஆய்வில், தன் வேலையைத் தான் தீர்மானிக்க முடியாத நிலைமை முக்கியமான காரணமாகத் தெரிந்தது. வேலைப் பளுவைவிட, எப்போது உட்காரலாம், எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்பதுகூட உங்கள் கையில் இல்லாதது உடம்பைக் கெடுக்கும். 2021இலேயே தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. உங்கள் கடையில் நாற்காலி இருக்கிறதா?

"மகன் இரண்டாவது முறை நீட் எழுதுகிறான். சரியாகச் சாப்பிடுவதில்லை. 'நான் இல்லாமல் போனால் உங்களுக்குச் செலவு மிச்சம்' என்கிறான். பயமுறுத்துகிறானா, கண்டுகொள்ளாமல் விடலாமா?" (தந்தை, சேலம்)

விடக் கூடாது. இன்றைக்கே அவன் பக்கத்தில் உட்கார்ந்து "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வராது. ஆமாம் என்றால் திட்ட வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம், தனியாக விட வேண்டாம். பூச்சி மருந்து, வீட்டிலிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு உடனே அழைத்துப் போங்கள். ராத்திரியானால் போன் செய்யுங்கள்: மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104, இரண்டும் எந்நேரமும் கிடைக்கும். கோச்சிங் ஒரு மாதம் நின்றால் நிற்கட்டும்.

"தூங்குவதற்கு ராத்திரி இரண்டு பெக் மட்டும். தப்பா டாக்டர்?" (ஓசூர்)

தப்பு. சீக்கிரம் கண் சொக்கும், பின்னிரவில் விழிப்பு வரும். அதோடு தூக்க மாத்திரையும் போட்டால் மூச்சே நிற்கலாம்.

"யோகா ஆரம்பித்து மூன்று மாதம். மனசு லேசாக இருக்கிறது. பிபி மாத்திரையை விட்டுவிடலாமா?" (52, புதுச்சேரி)

யோகாவை விடாதீர்கள். மாத்திரையையும் நீங்களாக விடாதீர்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் பிபி எடுத்து, எண்களைத் தேதியோடு குறித்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். குறைப்பதா வேண்டாமா என்பதை அவர் அதைப் பார்த்துச் சொல்வார்.